இயல்பு நிலை எந்த ரயிலில் வரும்?

போன மாதம் ஒரு படம் என்னை இரண்டு நாள் சும்மா இருக்க விடவில்லை. அமெரிக்க ஜனாதிபதி ஹாரி ட்ரூமனின் படம் அது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 1948 நவம்பர், செயின்ட் லூயிஸ் ரயில் நிலையம். ரயிலின் பின்பக்க மேடையில் நின்று, ஒரு பேப்பரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து வாய் நிறையச் சிரிக்கிறார். அந்தப் பேப்பரின் கொட்டை எழுத்துத் தலைப்பு, டியூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்கிறது. வென்றது ட்ரூமன். சிக்காகோ டெய்லி ட்ரிபியூனில் அப்போது அச்சுத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம். வழமையை விட முந்தியே பக்கத்தை முடிக்க வேண்டியிருந்ததால், வாக்கு எண்ணி முடியும் முன்னமே முடிவைப் போட்டுவிட்டார்கள். கிட்டத்தட்ட ஒன்றரை இலட்சம் பிரதி அப்படி வெளியே போனதாம். ஒரு காலை வேளைக்கு, ஒன்றரை இலட்சம் சாப்பாட்டு மேசைகளில் அந்த நாட்டுக்கு வேறொரு ஜனாதிபதி இருந்திருக்கிறார்.

கதை எனக்கு முன்னமே தெரியும். என்னைக் குடைந்தது அந்தக் கைகள். இப்படி ஒரு பேப்பரை, இப்படி இரண்டு கையாலும், எழுத்து வெளியே தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்துச் சிரித்த ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. யார், எங்கே என்று மட்டும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் மகனோடு எங்கள் ஊரான திருகோணமலையின் டச்பே கடற்கரையில் கச்சான் வாங்கினேன். தின்று முடித்ததும் சரையைப் பிரித்து வாசிக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. பழைய பேப்பர்தான். தலைப்பின் பாதி போய், "நாளை முதல்" என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. நாளை முதல் என்ன? பாண் விலையா, பள்ளிக்கூட விடுமுறையா? மகன் எட்டிப் பார்த்து, "பிறகு?" என்று கேட்டான். அவன் சும்மாதான் கேட்டான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது அம்மப்பாவின் சொல்.

அம்மப்பாவின் "பிறகு?"

அம்மப்பா வெள்ளைக்காரன் காலத்தில் டொக்யார்டில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். 1957இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டு அவர்கள் கப்பலேறிய பிறகு, கடையொன்றில் கணக்கு எழுதினார். பேப்பர் வாசிப்பது அவருக்குப் பூசை மாதிரி. கொழும்பிலிருந்து பேப்பர் வந்து சேரும்வரை வாசல் கதிரையில் இருப்பார். வந்ததும் தலைப்பை மட்டும் உரத்து வாசித்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்து, "சரி, பிறகு?" என்பார். அவ்வளவுதான் விளையாட்டு. அந்தத் தலைப்பு உண்மையாகிவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று வீட்டில் ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டே இரண்டு சட்டம். சொல்வது எங்கள் வீட்டிலோ எங்கள் ஒழுங்கையிலோ நடப்பதாக இருக்க வேண்டும்; நாடு முன்னேறும், உலகம் அழியும் என்ற கதைகளுக்குப் புள்ளி கிடையாது. மற்றது, ஆள் செத்த தலைப்பைத் தொடக்கூடாது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது எண்ணெய்க் குதம் ஒன்று ஏழு நாள் நின்று எரிந்ததைப் பார்த்த மனிதர். அந்த இரண்டாம் சட்டத்தில் அவரிடம் தளர்வு இருந்ததில்லை.

நான் பிறப்பதற்கு முந்திய ஆட்டங்களைக்கூட அம்மாவும் மாமாவும் சொல்லிச் சொல்லி, நானே பக்கத்தில் இருந்து கேட்டது போல மனப்பாடம். 1970 தேர்தலில் ஆளுக்கு வாரம் இரண்டு கொத்து அரிசி தருவோம், சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து தருவோம் என்று பேச்சு அடிபட்டதே, அந்த ஆட்டம்தான் எங்கள் குடும்பத்தின் சொத்து. முந்திய வருடம்தான் மனிதன் சந்திரனில் கால் வைத்திருந்தான். அரிசி மட்டும் வராதா என்ன? அம்மப்பா ஆரம்பித்தார்: சந்திர மண்டலத்துக் கப்பல் பெரிசு, அதற்கு ஆழமான துறைமுகம் வேணும், ஆகவே கொழும்பை விட்டுவிட்டு இங்கேதான் வரும். மாமா அப்போது பள்ளிக்கூடத்தில் புவியீர்ப்புப் படித்துக்கொண்டிருந்தார். சந்திரனில் எடை ஆறில் ஒரு பங்குதான், அங்கே நிறுத்து வாங்கினால் நமக்குக் கொள்ளை இலாபம், இங்கே நிறுத்தால் சங்கக்கடைக்கு இலாபம் என்று பெரிய விளக்கம் கொடுத்தார். அம்மம்மா அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாராம்: "நிறுக்கிறதேன்? கொத்தால அளந்தா அங்கயும் ஒண்டுதான், இங்கயும் ஒண்டுதான். அந்த அரிசியில கல்லு எவ்வளவு எண்டு கேட்டுச் சொல்லுங்கோ. அங்க கல்லைத் தவிர வேற ஒண்டும் இல்லையாமே." அந்த வருடத்துப் புள்ளியெல்லாம் அம்மம்மாவுக்குத்தான். பிறகு நிஜத்தில் வந்ததோ பஞ்சம். மரவள்ளியும் பாண் கியூவும், ஒரு மாவட்டத்து அரிசியை இன்னொரு மாவட்டத்துக்குக் கொண்டுபோக விடாத தடைகளும். வழியில் மறித்துச் சாக்கைத் தடவிப் பார்த்த காலம் அது. அப்போதும் அம்மம்மா முற்றத்தில் நிலவைப் பார்த்தால், "கப்பல் வெளிக்கிட்டுதோ?" என்று கேட்பாராம்.

நிலவுக்கும் எங்கள் வீட்டுக்கும் அதற்கு முந்தியே ஒரு வழக்கு இருந்தது. 1966இல் வார விடுமுறையை ஞாயிறிலிருந்து எடுத்துப் போயாவுக்கு மாற்றினார்கள். 1971வரை அப்படித்தான் நடந்தது. நிலவின் நான்கு நிலைகளைப் பார்த்து விடுமுறை வரும்; ஒரு வாரம் ஏழு நாள், இன்னொரு வாரம் எட்டு நாள். "சந்திரன்தான் இனி மேலதிகாரி" என்று அம்மப்பா தொடங்க, லீவுக்கு அவரிடம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும், அமாவாசையில் ஆளைத் தேடிப் பிடிப்பது எப்படி என்று ஆட்டம் போனதாம். உண்மையில் வீட்டில் குழம்பியது அம்மம்மாவின் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. சனி வேலைநாளாக விழுந்தால் பிள்ளைகள் எண்ணெய் வைத்த தலையோடு பள்ளிக்கூடம் போவதா, முழுக்கைப் போயாவுக்குத் தள்ளுவதா? ஐந்தரை வருடம் அந்தப் பிரச்சினை தீரவில்லை.

நானே விளையாடிய ஆட்டங்களில் எனக்குப் பிடித்தது மணிக்கூட்டு ஆட்டம். 1996இல் மழை இல்லை, நீர்மின்சாரம் இல்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மே 25ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளச் சொன்னார்கள். அக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு. பழைய நேரம் முழுதாகத் திரும்ப 2006 ஏப்ரல் ஆனது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலோ பழைய நேரம்தான். ஒரே நாட்டுக்குள் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கையிலுள்ள மணிக்கூட்டைத் திருக வேண்டும். தலைப்பு வந்த அன்று அம்மப்பா "பிறகு?" என்றதும், கோட்டைக்குள் திரியும் மான்களுக்கு யார் அறிவிப்பது என்று நான் கேட்டேன். அம்மம்மா கேட்ட கேள்விக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை: "ராகு காலம் பழைய நேரத்திலயோ, புது நேரத்திலயோ?" அம்மப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் இரண்டு மணிக்கூடு. கூடத்தில் அரசாங்க நேரம், குசினியில் பஞ்சாங்க நேரம். கலியாணக் கார்டில் எந்த நேரம் என்று அடைப்புக்குறிக்குள் போட்ட காலம். அதைச் சரியாக வாசிக்காமல் தாலி கட்டி முடிந்த பிறகு வந்து சேர்ந்த சொந்தக்காரர் எங்களிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

இந்த ஊருக்கு விளையாட்டுச் சாமானுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. திருகோணமலையைப் பற்றிய தலைப்பென்றால் அதில் "விரைவில்" என்ற சொல் எப்படியும் இருக்கும். 99 எண்ணெய்க் குதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1987 இலங்கை இந்திய ஒப்பந்தக் கடிதங்களில் அவை வந்தன, 2003இல் குத்தகையில் வந்தன, 2022 ஜனவரியில் 24, 14, 61 என்று பங்கு பிரித்துத் திரும்பவும் வந்தன. சம்பூரில் நிலக்கரி என்றார்கள். 2016இல் அது கைவிடப்பட்டது. இப்போது அங்கே சூரிய மின்சாரம் என்கிறார்கள். நூறாவது குதம் எங்கே போனது என்பது அம்மப்பாவின் நிரந்தரக் கேள்வி. யாரோ வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர்த் தொட்டியாக இருக்கிறது என்று மாமா அடித்துச் சொல்வார். கிண்ணியாப் பாலம் வந்தால் என்ன நடக்கும் என்றும் ஆடியிருக்கிறோம். ஆளேற்றிப் போகும் பாதைப் படகுக்குக் காத்து நிற்கும்போது பேசி முடித்த சம்பந்தங்கள் இனி எங்கே பேசப்படும் என்று அம்மம்மா கவலைப்பட்டார். 2009இல் பாலம் நிஜமாகவே வந்தது, 396 மீட்டர். அதைப் பார்க்க அம்மப்பாவும் அம்மம்மாவும் இல்லை.

சீனி சுற்றி வந்த பேப்பர்

இனி அந்தக் கைகளுக்கு வருகிறேன். 1990 ஜூனில் நாங்கள் வீட்டை விட்டு ஓடினோம். ஏன் ஓடினோம் என்று இதை வாசிக்கிற யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. எனக்குப் பத்து வயது. ஒரு பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்பறையில் ஏழு குடும்பம். வாங்குகளை நிமிர்த்தி வைத்து, சேலையைக் கட்டி மறைத்து, ஆளுக்கொரு மூலை. கரும்பலகையில் யாரோ பாதியில் விட்டுப்போன பின்னக் கணக்கொன்று அழியாமல் இருந்தது. நாங்கள் அங்கிருந்த காலம் முழுக்க அதை ஒருவரும் அழிக்கவில்லை.

அம்மப்பாவுக்குப் பேப்பர் இல்லாமல் போன முதல் நாட்கள் அவை. சாப்பாடு குறைந்தது அவரை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. காலையில் எழும்பி வகுப்பறை வாசலில் குந்தியிருந்து ஒழுங்கையைப் பார்ப்பார். பேப்பர் வருகிற நேரம் கடந்ததும் எழும்பி உள்ளே வருவார். ஒருநாள் மாமா எங்கேயோ அலைந்து கொஞ்சம் சீனி கொண்டுவந்தார். பேப்பரில் சுற்றிய சீனி. அம்மம்மா அதை அவிழ்த்துப் போத்தலுக்குள் கொட்டினார். அம்மப்பா அந்தப் பேப்பரை மெல்ல இழுத்தெடுத்து, வாங்கின் மேல் வைத்து, உள்ளங்கையால் சுருக்கத்தை நீவினார். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் ஓடிவந்த அவதியில் முறிந்துபோய், நூல் கட்டிக் காதில் மாட்டியிருந்தார். ஐந்து நாள் பழைய பேப்பர். அவர் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். திருகோணமலையில் இயல்பு நிலை திரும்புகிறது என்று இருந்தது.

எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது, அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமாவின் நெற்றி நரம்பு புடைத்தது. அம்மப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழும்பி, வகுப்பறையின் நடுவில் வந்து நின்று, அந்தப் பேப்பரை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். ஏழு குடும்பமும் வாசிக்கட்டும் என்று மெல்லச் சுற்றித் திரும்பினார். பேப்பர் மடிப்புக்குள் கிடந்த சீனி அவர் நரைமுடியில் கொட்டியது. அவர் சிரித்தார். ட்ரூமன் சிரித்த அதே சிரிப்பு. ட்ரூமனுக்காவது ஒரு நாடு கையில் இருந்தது. இவரிடம் இருந்தது ஒரு மூலையும் அரைப் போத்தல் சீனியும்.

"சரி, பிறகு?"

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டு விளையாட்டு மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் யன்னலடி மூலையிலிருந்து ஓர் அன்ரி கேட்டார்: "எந்த ரயிலில வருதாம் ஐயா?" ரயில் ஓடுவதே நின்றிருந்த நேரம். அவ்வளவுதான், வகுப்பறை திறந்துகொண்டது. ரயில் கல்லோயாவோடு நிற்கும், மிச்சத்துக்கு இயல்பு நிலை பஸ்தான் பிடிக்கும் என்றார் ஒருவர். சோதனைச் சாவடியில் இறக்கி அடையாள அட்டை கேட்பார்கள் என்றார் இன்னொருவர். அட்டையில் சொந்த ஊர் என்ன என்று இருக்கும்? ஆருடைய வீட்டுக்குப் போகிறாய், எத்தனை நாள் தங்குவாய், பொலிஸ் பதிவு இருக்கா? பையில் என்ன? பையில் பாண், பள்ளிக்கூட மணி, பின்னேரப் படக்காட்சி ரிக்கட், ஐஸ்கிரீம் வான் பாட்டு என்று நாங்கள் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கத்தினோம். பாட்டரியை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள் என்று ஒரு பெரியவர் சொன்னார். அதற்குச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பறைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அப்படியே நடந்து நடந்து இயல்பு நிலை ஒருவழியாக எங்கள் படலைக்கு வந்தது. "வீட்டில ஆர்?" என்று கூப்பிட்டது. பதில் இல்லை. நாங்கள்தான் இங்கே ஆறாம் வகுப்பில் இருக்கிறோமே. பக்கத்து வீட்டிலும் கூப்பிட்டுப் பார்த்தது. ஒழுங்கை முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தது. பிறகு ஒரு துண்டு எழுதிப் படலையில் இருக்கிற தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டது. "துண்டில என்ன எழுதியிருக்கு?" என்று நான் கேட்டேன். "அதை வீட்டை போய்த்தான் வாசிக்க வேணும்" என்று அம்மப்பா ஆட்டத்தை முடித்தார். அந்தப் பேப்பர் இப்போது எங்களிடம் இல்லை. அன்று பின்னேரமே அதைக் கொளுத்தித்தான் அம்மம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினார்.

அந்தத் தலைப்பின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அதை எழுதியவர் கொழும்பில் ஒரு மேசையில், தன்னிடம் வந்த அறிக்கையைப் பார்த்து எழுதியிருப்பார். அவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஓர் ஊர் பள்ளிக்கூடத் தரையில் படுத்திருக்கும்போது அந்த ஊரைப் பற்றி அப்படி ஒரு வரி எழுதுவது சின்னப் பிழை இல்லை. 1918 நவம்பர் 7ஆம் திகதி யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனம் உலகப் போர் முடிந்துவிட்டது என்று அவசரப்பட்டு அறிவித்தது. நியூயோர்க் தெருக்களில் சனம் ஆடிப் பாடியது. அவர்களுக்கு நான்காம் நாள் உண்மையான செய்தி வந்தது, இரண்டாம் தரமும் ஆடினார்கள். 1920இல் நியூயோர்க் டைம்ஸ், வெற்றிடத்தில் ரொக்கட் இயங்காது என்று கொடார்ட் என்ற விஞ்ஞானியைக் கேலி செய்து எழுதியது. 1969 ஜூலை 17ஆம் திகதி, சந்திரனுக்கு மனிதர் போய்க்கொண்டிருக்கும்போது, அந்தப் பேப்பர் தன் பிழைக்கு வருத்தம் தெரிவித்தது. நாற்பத்தொன்பது வருடம் கழித்து! அதை வாசித்த அன்று நான் ஒரு கடதாசி எடுத்து, எங்களுக்கு வர வேண்டிய திருத்தத்தை எழுதிப் பார்த்தேன். 1990இல் திருகோணமலைக்கு இயல்பு நிலை திரும்புவதாக வெளிவந்த செய்தி பிழையானது, அது அந்த வருடம் வரவில்லை, வருந்துகிறோம். ஒற்றைப் பத்தியில், உள்பக்கத்தில் போட்டாலும் போதும். நாற்பத்தொன்பது வருடக் கணக்குப் பார்த்தால் 2039 வரை அவகாசம் இருக்கிறது. நான் பேப்பர் வாங்கிக்கொண்டுதான் இருப்பேன்.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தான செய்தி வந்தபோது அம்மப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கி, தலைப்பை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தேன். "பிறகு?" என்று கேட்பார் என்று காத்திருந்தேன். "ஸ்டேசனுக்கு ஆரும் போனதோ?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வருடம் போய்விட்டார்.

டச்பேயிலிருந்து நேரே அம்மாவிடம் போனேன். ஃபோனில் ட்ரூமன் படத்தை எடுத்து, பெரிதாக்கி, ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, "அப்பா மாதிரி" என்றார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தபால் பெட்டி நினைவிருக்கோ?" என்று கேட்டார். எனக்கு நினைவில்லை. 1991 தொடக்கத்தில் நாங்கள் வீடு திரும்பியபோது நான் பின்னால் மாமாவோடு வந்திருக்கிறேன். அம்மாவும் அம்மப்பாவும் முன்னால். வீட்டுக்குக் கூரையில் பாதி ஓடு இல்லை. கதவும் நிலையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அம்மா படலையடியில் நின்று அழத் தொடங்கியிருக்கிறார். அம்மப்பா வீட்டுப் பக்கம் பார்க்கவே இல்லையாம். படலைத் தூணில் அந்தத் தகரத் தபால் பெட்டி ஒரு பக்கம் சரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மூடியைத் தூக்கி, குனிந்து உள்ளே பார்த்தார். மண் குளவி ஒன்று கூடு கட்டியிருந்தது. மூடியை மெதுவாக இறக்கிவிட்டு, அழுதுகொண்டிருந்த அம்மாவின் பக்கம் திரும்பி, வாயில் விரலை வைத்துச் சொன்னாராம்:

"சத்தம் போடாத பிள்ளை. களைச்சுப்போய் உள்ள படுத்திருக்கு."